புண்ணைச் சுற்றியிருந்தவர்கள்

நகரியில் விசைத்தறி ஓட்டும் என் நைனாவுக்கு, இடது கன்னத்துக்குள் வந்திருப்பது புற்றுநோய் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆபரேஷனுக்கு அவர் சம்மதிக்கவில்லை.

"புண்ணு கொட்டப்பாக்கு அளவுதான் கீது. சுத்தி நல்லா கீற சதைய எதுக்கு வெட்டணும்?" என்று வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். அதே கேள்வியைக் கேட்டேன். கேட்டது தப்போ என்று உடனே தோன்றியது. டாக்டரம்மா திட்டவில்லை. நைனாவின் சதைத் துணுக்கைச் சாயமேற்றிப் பெரிதாக்கிய படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டி, தெலுங்கில் விளக்கினார்.

ஊதா நிறத்தில் நெருக்கியடித்து நிற்பவை புற்று செல்கள். அவற்றைச் சுற்றி ரோஜா நிறத்தில் நார் நாராக ஓடுவது நைனாவின் சொந்தச் சதை. புகையிலை அடக்கி அடக்கிப் புண்ணான இடத்தை ஆற்ற வந்தது. வந்த இடத்தில் புற்றுக்கே அரணாகிவிட்டது. அதற்குத் தீனி போகப் புது ரத்தக்குழாய்கள் வேறு. எதிர்க்க வந்த செல்களும் சோர்ந்து நிற்கின்றன. அந்த நார்களுக்குள் புற்று கண்ணுக்குத் தெரியாமல் நுழைந்திருக்கும் என்பதால்தான் சுற்றிலும் சேர்த்து எடுக்கிறார்களாம்.

"புற்றுக்கு உதவி செய்கிறோம் என்று அவற்றுக்குத் தெரியாதா மேடம்?"

"அவற்றுக்கு என்ன தெரியும், பாவம்" என்றார்.

எனக்குப் பயத்தைவிட ஆவல் கூடியிருந்தது. பெற்ற தகப்பனின் நோயை இப்படி வேடிக்கை பார்க்கலாமா என்று கூசியது. இருந்தாலும் இன்னொரு முறை படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வெளியே வந்து சொன்னதை நைனா கவனமாகக் கேட்டார்.

"கெட்டது பண்ணணும்னு வர்ல?"

"இல்ல நைனா. ஆத்தத்தான் வந்துச்சாம்."

"உன்ன மாதிரி."

எனக்குப் புரியவில்லை.

"வாய் எரியுதுன்னேன். பாப்பாக்குப் பிசையற பருப்புச் சோத்தையே எனக்கும் போட்ட. மொளகாவ கண்ணுல காட்டல. எரிஞ்சிருந்தா அப்பவே இங்க வந்திருப்பேன். நீ நோவாம துன்ன வெச்ச, நானும் பொகயிலய அடக்கிக்கினு தறி ஓட்டிக்கினு இருந்தேன்."

அவரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தனை மாதமும் பெருமைப்பட்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. பாப்பா என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அழுவாத. எங்க கையெழுத்து போடணும்னு கேளு" என்று நைனா எழுந்தார். "சுத்தி கீறதையும் எடுக்கச் சொல்லு. உன்ன மட்டும் வுட்டுடச் சொல்லு."