முற்றத்தில் நின்ற இரண்டு படைகள்

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. மீன்காரர் "இப்பத்தான் கரைக்கு வந்த மீன்" என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். சரித்திரம் படிப்பிக்க வந்ததும் அந்தப் புத்தியால்தான்.

தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து, முஸ்லிம்கள் எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்த வருடம் அது. கல்முனைப் பக்கம் வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. அரபு எழுத்து உள்ள மார்க்கக் கிதாபுகளைக்கூடச் சனம் மூட்டை கட்டி ஒளித்து வைத்த காலம். அந்த நேரம் பார்த்து நான் எங்கள் முற்றத்தில் இரண்டு படைகளை அணிவகுத்து நிறுத்தியிருந்தேன்.

பாடசாலைக் கண்காட்சிக்காக என் மாணவிகள் மணலில் செய்த, ஏறக்குறைய நானூறு வருஷத்துக்கு முந்திய ரந்தெனிவெலப் போர்க்களம் அது. கடற்கரை மணலைக் குவித்து ஊவா மலைகள் செய்திருந்தார்கள். மலையில் கண்டி அரசனின் படை, அரசகுமாரர்கள் தலைமையில். அதற்கு முழுப் புளியங்கொட்டைகள். கீழே வெளியில் பறங்கிப் படை, அதாவது போர்த்துக்கேயர். நடுவில் தளபதி, அவனைச் சுற்றிக் கொஞ்சப் பறங்கியர்; அவர்களுக்கு வெள்ளைச் சிப்பிகள். மற்றதெல்லாம் லஸ்கரின்கள், பறங்கிக்காகச் சண்டை பிடித்த உள்ளூர்ச் சிப்பாய்கள். அவர்களுக்குத் தளபதி நேரே கட்டளை கொடுப்பதில்லை. அவன் முதலிமார் என்ற உள்ளூர்த் தலைவர்களுக்குச் சொல்வான், முதலிமார் சிப்பாய்களுக்குச் சொல்வார்கள். அந்த முதலிமாரோ கண்டியோடு இரகசியமாகக் கதைத்து முடித்திருந்தார்கள். சண்டை தொடங்கியதும் ஆட்களோடு பக்கம் மாறினார்கள். தளபதி களத்திலேயே செத்தான். இதைக் காட்ட மாணவிகள் லஸ்கரின்களுக்கு வைத்த புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கியிருந்தார்கள். வெள்ளை மேலே இருந்தால் பறங்கியின் ஆள். புரட்டிவிட்டால் கண்டியின் ஆள்.

"இதக் கலைச்சிப் போடு புள்ள," என்றார் என் கணவர். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். பயந்த சுபாவம். "ஆமிக்காரன் கண்டா என்ன நினைப்பான்?"

"பாடப் புத்தகத்தில இரிக்கிற சண்டதானே. நீங்க சும்மா இருங்க."

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு என் சீதனம், முற்றமும் என்னுடையது. அவர் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

அந்தக் கிழமையே, அஸர் தொழுகைக்குப் பிறகு ஆமி ஜீப் வந்தது. வேறு எந்த வீட்டிலும் நிற்காமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்தது. உள்ளே வந்தவர்கள் அலுமாரியைக்கூடத் திறக்கவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அதிகாரி மணலுக்குப் பக்கத்தில் குந்தினார். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

"இந்தக் கொட்டைக்கு ஏன் ரெண்டு நிறம்?"

"சண்டையில பக்கம் மாறின ஆக்கள், சேர்."

"படைக்குள்ள இருந்துகொண்டு மாறுறதையா பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீங்க?"

"நடந்ததத்தான் படிப்பிக்கிறம்."

அதிகாரி எழும்பாமல் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்: "முதலிமார் மாறப் போறாங்க எண்டு அந்தத் தளபதிக்கு முதலே சொல்லியிருக்காங்களாம். அவன் நம்பல்ல. அதாலதான் செத்தானாம். நாங்க அப்பிடி இருக்க ஏலாது எண்டு சேர் சொல்றார்."

வீட்டுக்காரர் யார் என்று கேட்டார்கள். "வீடு என்ட பேரில. இதச் செய்விச்சதும் நான்தான்," என்று முன்னே போனேன். என்னை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. என் கணவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வாக்குமூலம் எடுத்துவிட்டு விடுவோம் என்றார்கள். அப்படிப் போய் மாதக்கணக்கில் வராதவர்களை எனக்குத் தெரியும்.

அவர் இல்லாத அந்த வீட்டில் ஊரையே சந்தேகப்பட்டேன். பள்ளிவாசல் நிர்வாகத்தில் என்னோடு முறுகியிருந்த ஆளா? பிந்தி வந்ததற்கு நான் ஏசின மாணவியின் வாப்பாவா? பக்கத்து வீட்டு மச்சி சோறு கொண்டு வந்து, "கொஞ்சமாவது தின்னுகா," என்று கையைப் பிடித்தாள். வேலிக்கு மேலால் அவள் எங்கள் முற்றத்தை எட்டிப் பார்த்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் வந்து சேர்ந்தார். அடிக்கவில்லையாம், கேள்விதான் கேட்டார்களாம். முகம் கறுத்திருந்தது. தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "ஆர் சொல்லிக் குடுத்ததாம்?" என்று கேட்டேன். அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்."

கதிரையை இழுத்து அவருக்கு எதிரே இருந்தேன்.

"ஆராவது பெட்டிசம் எழுதிப் போட்டா உன்னப் பிடிப்பாங்க எண்டு பயந்த. அதால நானே ஆமிக் காம்புக்குப் போய்ச் சென்ன. ஸ்கூலுக்குப் புள்ளைகள் செய்யிற ஒரு சாமான், வேற ஒண்டுமில்ல எண்டு. நாமளா முதல்ல சென்னா நம்புவாங்க எண்டு நினச்ச."

அந்த நாட்களில் எங்கள் ஊரில் கனபேர் இப்படிச் செய்தார்கள். குர்பானுக்கு மாடறுக்கும் கத்தியைத் தாங்களாகவே கொண்டுபோய் ஒப்படைத்தவர்களும் உண்டு. ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டப் போய்த்தான் கண்ணில் பட்டார்கள். அவர் மீது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாய்ப் பாவமாகவும் இருந்தது. என்னைப் பிடித்துவிடக் கூடாதென்று போன மனிசன். மச்சியின் சோற்றைச் சூடாக்கி இருவரும் தின்றோம்.

வருஷங்கள் போய்விட்டன. இப்போதும் அவர் "பள்ளிக்குப் போய் வாறன்" என்று சைக்கிளை எடுத்தால், நான் வாசலுக்கு வந்து அது பள்ளிவாசல் பக்கம் திரும்புகிறதா, காம்புப் பக்கம் திரும்புகிறதா என்று பார்க்கிறேன். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் நிற்பது அவருக்குத் தெரியும்.