வாசலில் குரைக்காதவர்

வெள்ளைக்காரன் போன புதிதில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் என் பக்கத்தில் உட்கார்ந்து தோல் நறுக்கியவர் அவர். ஒல்லியான நெட்டை ஆள். ஆவாரம்பட்டைச் சாறு ஏறி விரலெல்லாம் மஞ்சள். நறுக்கிய தோலின் ஓரத்தைத் தன் கழுத்தில் தேய்த்து, உறுத்துகிறதா என்று பார்ப்பார்.

ஒரு சாயங்காலம் வாசல் சோதனையில் அவர் பையிலிருந்து ஒரு கழுத்துப்பட்டை வந்தது. மிஞ்சிய வெட்டுத் துண்டுகளில் தைத்தது.

"எந்த நாய்க்குய்யா இது?" என்றார் மேஸ்திரி.

"எனக்குத்தாங்க. வூட்ல நானும் சம்சாரமும் ஆடுற ஆட்டம்."

எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

"இங்க மாட்டிக்கினு நாய் மாதிரி குலைச்சுக் காட்டு. திருட்டுன்னு எழுதாம வுட்டுர்றேன்."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். வேலை அங்கேயே போயிற்று.

பின்னாலேயே ஓடி, "ஒரு தபா குலைச்சிருந்தா சோறு மிஞ்சியிருக்குமே அண்ணே" என்றேன்.

"அங்க எனக்கும் இஷ்டம், அவளுக்கும் இஷ்டம். ரெண்டு பேரும் பேசி வெச்சது, தம்பி. நான் போதும்னா அந்த நிமிசமே நிறுத்திடுவா. இந்தாளு நிறுத்துவாரா?"

என் பையைச் சோதிக்க வேண்டும் என்று மேஸ்திரி சீட்டி அடித்துக் கூப்பிட்டார். நான் ஓடினேன்.