பருப்பு வேகாத தண்ணீர்

அந்தமானில் உள்ள புரோத்ராபூருக்கு வந்து மூன்று வருடமாகியும் என் மூக்குக்கு மட்டும் வேலை கிடைக்கவில்லை. காலையில் கதவைத் திறந்து ஆழமாக இழுத்துப் பார்ப்பேன். ஈர மண், பாக்குப் பூ, பக்கத்து வீட்டு மீன். ரசாயன நெடி துளிகூட இல்லை. ஆலையை மூடி ஊருக்கே கதவடைப்போ என்று தெருவை எட்டிப் பார்ப்பேன்.

மேட்டூரில் வளர்ந்தவன் அப்படித்தான் பயப்படுவான். அங்கே ஆலை நெடி வந்தால் திட்டுவோம், வராவிட்டால் பதறுவோம். லாரிக்காரர், டிரம் கழுவுகிறவர், சீருடை தைக்கிற டெய்லர், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குப் பரோட்டா போடுகிறவர் என்று எல்லா வீட்டு அடுப்பும் அந்த நெடியில்தான் எரிந்தது. ரசாயனத் தொழில் மாநிலத்துக்கு என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால், நான் எங்கள் தெருவைத்தான் காட்டுவேன். மனைவிக்கு இங்கே அரசு வேலை கிடைத்ததால் அந்தத் தெருவை விட்டுக் கப்பலேறினேன்.

இங்கே பினாயில்கூட மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். கப்பல் தாமதமானால் கழிப்பறையும் காத்திருக்கும். பதினாறு வருடம் ஆலையில் வால்வு திருகியவன் சும்மா இருப்பானா? தீவின் ரசாயனத் தொழிலை நானே தொடங்குவதாக வீட்டில் பிரகடனம் செய்துவிட்டு, ஒரு தகரக் கொட்டகையில் பினாயில் யூனிட் போட்டேன். மொத்தத் தொழிலாளர் படை, சரஸ்வதி ஒருவர்தான். தெற்கே லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் மூடியபோது வேலையிழந்த குடும்பம். இங்கேயும் வேலை நின்றால் அவர் மறுபடி ஹட் பே கப்பலைத்தான் பிடிக்க வேண்டும்.

முதல் ஆர்டருக்கான மாதிரியை லாட்ஜ் நடத்தும் வங்காளி மண்டல் தாதாவிடம் கொடுத்தேன்; தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். பால்போல வெள்ளை. மூன்றாம் நாள் கூப்பிட்டார். பாட்டிலில் மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் திட்டுத் திட்டாக ஏதோ.

"அரே அண்ணா, தூத் ஃபட் கயா! பால் திரிஞ்சு போச்சே! ரசகுல்லா போடலாமா?"

"குலுக்கிட்டு ஊத்தணும், தாதா" என்று சமாளித்தேன்.

அவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "முதல்ல உன்னைக் குலுக்கறேன். ஒரு ஹஃப்தா, ஒரே வாரம் டைம். இதே மாதிரின்னா மெயின்லேண்ட் சரக்குதான் வாங்குவேன்."

கொட்டகைக்குத் திரும்பி எண்ணெயைச் சந்தேகப்பட்டேன், கலக்குகிற கம்பைச் சந்தேகப்பட்டேன், கப்பல்காரனையும் விடவில்லை. சரஸ்வதி கிணற்றைக் காட்டினார்.

"சார், இந்த உப்புத் தண்ணில பருப்பே வேகாது. பினாயில் மட்டும் எப்படி சார் சேரும்?"

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதானே சார் கெமிக்கல் ஆளு!"

காவிரித் தண்ணீரில் வேலை பார்த்தவனுக்குத் தண்ணீரும் ஒரு சரக்கு என்று தோன்றவே இல்லை. குழாயில் வருவதோ குடிக்கவே போதாது. ஆனாலும் விடுவதாக இல்லை. கூரையைத் தேய்த்துக் கழுவி, விளிம்பில் பாதியாகப் பிளந்த பைப்பைக் கட்டி, கீழே நீல டிரம்களை வரிசையாக வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். நான்காம் நாள் மழை கொட்டியது. கொட்டுகிற மழையிலேயே கலக்கினோம்.

மறுநாளே கொடுத்த அந்தப் புது மாதிரி பாட்டிலை மண்டல் தாதா தன் மேசைமேல் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "இன்னும் திரியல பாரு" என்று காட்டியிருக்கிறார். பாட்டில் கொடுத்த பத்தாம் நாள் ஆர்டர் வந்தது. சரஸ்வதி தன் தங்கைக்கும் ஹட் பேயிலிருந்து டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். தொழிலாளர் படை இரட்டிப்பாகிவிட்டது!

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, ஆஸ்பத்திரி வாசனை" என்று திட்டுகிறார். திட்டட்டும். கதவைத் திறந்து ஆழமாக இழுக்கிறேன். மூக்கின் ஒரு துவாரத்தில் மேட்டூர் நெடி, இன்னொன்றில் பாக்குப் பூ. நடுவில் நிற்கிற மூக்கெலும்பு நான்.