சந்துக்குள் நுழைகிற வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை டில்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பு சொசைட்டிக்கு ஒரு சின்ன டிராக்டர் வந்து சேர்ந்தது. புல் வெட்டவும் சருகுகளை அள்ளிப் போகவும் கமிட்டி வாங்கியது. செயலாளர் அதற்கு ஒரு மாலையைப் போட்டு, ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். ஓய்வு பெற்ற அரசாங்க குமாஸ்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமையில் அதைவிடப் பெரிய ஜோலி ஏது? தோட்டக்கார மாலி அதைக் கிளப்பினான். சுட்ட எண்ணெயும் அரைபட்ட பச்சைப் புல்லும் கலந்த ஒரு வாசனை வந்தது. நான் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து மனைவி பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் திணித்தாள். நான் அதைச் சப்பிக்கொண்டிருந்தேன். சங்கரபாண்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு அடுப்பில் பால் பொங்கிவிடும். உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் டில்லிக்குள் இன்னும் கிராமமாகவே இருந்த முனிர்காவில் நான் ஒரு அறையில் இருந்தேன். அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. கீழே எருமைகள், மேலே நாங்கள். குளிர்காலத்தில் எருமைகளின் மூச்சுச் சூடு தரை வழியாக மேலே வரும். கோடையில் மற்றதெல்லாம் வரும். ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்த மாமா ஒரு ராத்திரிகூடத் தங்காமல் கரோல் பாக் பக்கம் ஓடிப்போனார். நான் மத்திய அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கூட இருந்தவன் சங்கரபாண்டி. கோவில்பட்டிக்காரன். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடி டில்லி வந்தவன். எல்லாப் பரீட்சையும் எழுதினான், எதிலும் தேறவில்லை. தேறாததைவிட, தேறாததைப் பற்றி அவன் ஒன்றுமே பேசாததுதான் எனக்குக் கலக்கமாக இருக்கும். நான் ஆபீஸ் கிளம்பும்போது பாயைச் சுருட்டுவான். திரும்பி வரும்போது ரசம் வைத்திருப்பான். நடுவில் இருந்த பகலை என்ன செய்தான் என்று நான் கேட்டதில்லை.

வீட்டுக்காரரை ஊரே தாவூ என்றது. தாவூ என்றால் பெரியப்பா. நாங்களும் தாவூஜி என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய நிலத்தையெல்லாம் அரசாங்கம் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தது. ஊருக்குப் பின்னால் ஒரே ஒரு துண்டு, நடுவில் ஒரு கிணற்றோடு மிச்சம் இருந்தது. அதன்மேலும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. நிலம் தரிசாகக் கிடந்தால் எடுத்துக்கொள்ள வசதியாகிவிடும், பயிரைக் காட்டினால்தான் பேசலாம் என்று யாரோ வக்கீல் சொல்லியிருந்தார். அந்த மழைக்காலத்தில் பார்த்து அவருடைய காளைகளில் ஒன்று செத்துப்போயிற்று. தனித்துப்போன மற்றது நுகத்தடியை வைத்தாலே படுத்துக்கொண்டது. மகன்கள் இருவரும் பஸ் கண்டக்டர்கள், மண்ணைத் தொடமாட்டார்கள். தாவூஜி வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஹுக்கா பிடித்தபடி நிலம் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டிராக்டரைக் கண்டுபிடித்தது கோழி. தாவூஜி வீட்டுக் கோழி ஒன்று எங்கோ ஒளித்து முட்டையிட, அதைத் தேடித் தருவதாக சங்கரபாண்டி தொழுவத்தின் பின்னால் வறட்டிக் குவியலுக்குள் கையை விட்டான். முட்டை தட்டுப்படவில்லை, ஒரு இரும்புச் சக்கரத்தின் விளிம்பு தட்டுப்பட்டது. வறட்டிகளை எடுத்து அடுக்கினால் உள்ளே இடுப்பு உயரத்துக்கு ஒரு தோட்டத்து டிராக்டர். ஒற்றை சிலிண்டர். சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஓர் இரும்பு இருக்கை. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி பங்களாவைக் காலி செய்தபோது ஏலத்தில் தாவூஜியின் தம்பி பிடித்ததாம். தம்பி இறந்த பிறகு தாவூஜி அதன்மேல் வறட்டி அடுக்கிவிட்டார். 

இதை ஓட வைக்கலாமா என்று தாவூஜி கேட்டார். முடியும் என்று சங்கரபாண்டி உடனே சொன்னான். அவனுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். டிப்ளமாவில் படித்ததெல்லாம் படம் போட்டுப் பாகம் குறித்த எஞ்சின்கள். இதில் படமும் இல்லை, பாதிப் பாகங்களும் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் உடம்பில் மண்ணெண்ணெய் வாசனைதான். சனி, ஞாயிறு நானும் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். துருவும் சாணியும் பழைய கிரீஸும் ஒட்டி, கல்லாக இறுகிப்போயிருந்தன. புகைக்குழாயில் குளவிக் கூடு. ஒயர்களை எலி தின்றிருந்தது. பெட்ரோல் டேங்க் உள்ளே ஒரே துரு. அதில் கூழாங்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு மூடி, மாடியில் நின்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் குலுக்கினோம். எதிர்வீட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்கள். மதராசிகள் மோர் கடைகிறார்கள் என்று பேச்சு. தோள்பட்டை வலியோடு திங்கட்கிழமை டைப் அடித்ததில் ஒரு துணைச் செயலாளரின் பெயரையே மாற்றி அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிஸ்டன் இறுகிப் பிடித்திருந்தது. பிளக் துவாரத்தில் எண்ணெய் ஊற்றி வைத்து, நாட்கணக்கில் காத்திருந்து, மரக்கட்டை வைத்துத் தட்டினான். அசைந்தது. அசைந்த சந்தோஷத்தில் பலமாகத் தட்டி ரிங்கை உடைத்தான். மோத்தியா கான் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஏதோ ஸ்கூட்டர் ரிங்கைத் தேய்த்துப் போட்டான். அதுவும் உடைந்தது. அன்றைக்குக் கையைக்கூடக் கழுவாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். நான் பக்கத்தில் போனேன்.

"இதுலயும் பெயிலுலே," என்றான்.

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ரசம் வைக்கப் போனேன். நான் வைத்த ரசத்தைப் பற்றி அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் மறுநாள் மறுபடி கிளம்பிப் போனான். ஒரு பழைய ஜெனரேட்டரின் பிஸ்டனும் ரிங்கும் கிடைத்தன. காஷ்மீரி கேட்டில் பெல்ட் வாங்கினான். முன்சக்கரத்துக்கு ஸ்கூட்டர் டயர். ஒரு டின் பெயிண்ட் வாங்கி வரட்டுமா என்று நான் கேட்டதற்கு, "தெனமும் மண்ணுல புரளப் போற வண்டிக்கு எதுக்குலே பவுடரு?" என்றான்.

குளிர் விடுகிற சமயம், ஒரு மத்தியானத்தில் அது கிளம்பியது. கயிற்றைச் சுற்றி இழுத்து இழுத்து அவன் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. திடீரென்று ஒரு இருமல், கறுப்புப் புகை, அப்புறம் டப டப டப. கோழிகள் கூரைக்குப் பறந்தன. தாவூஜியின் மனைவி ரொட்டி மாவுக் கையோடு வெளியே வந்தாள். தாவூஜி எழுந்து வந்து அதன் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டிருக்கும். ஆனாலும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த ஒரு வருடத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்ல ஆசையாகவும் இருக்கிறது. ஒரு சின்னக் கலப்பையை இழுத்துக்கொண்டு அது போகும்போது பின்னால் கொக்குகள் நடந்து வரும். தாவூஜி காலிஃபிளவர் போட்டார், வெந்தயக்கீரை போட்டார், முள்ளங்கி போட்டார். சங்கரபாண்டி உழுதான், தண்ணீர் பீப்பாய் இழுத்தான், தீவனம் ஏற்றி வந்தான். முனிர்காவின் சந்துகளில் மாட்டு வண்டியே முட்டிக்கொண்டுதான் போகும். இந்த வண்டி மட்டும் சுவரில் உரசாமல் நுழைந்து நுழைந்து போகும். ஊரில் பலரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். வெயிலில் கறுத்து, தோள் விரிந்து, ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டான். இந்தியில் வாய் கூசாமல் சண்டை போட்டான். அந்த வருடம் அவன் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. எழுதச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. காலையில் என்னைவிட முன்னால் எழுந்து போகிறவனிடம் என்னத்தைச் சொல்ல?

அடுத்த குளிர்காலத்தில் வழக்கு தோற்றது. அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். விளைந்த காலிஃபிளவரை வெட்டிக்கொள்ள அனுமதித்தார்கள். தாவூஜி வெட்டவில்லை. அது அப்படியே பூத்து, மஞ்சளாகி, அழுகி நாறியது.

பிறகு, எடுத்த நிலத்தைச் சுற்றிச் சுவர் கட்டுகிற கான்ட்ராக்டர் வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசலுக்குள் வந்தார். அந்தத் துண்டு நிலத்துக்கு ஊர்ச் சந்து வழியாக மட்டுமே வழி. செங்கல் லாரி நுழையாது. ஆட்களை வைத்துச் சுமந்தால் மாதக்கணக்காகும். இந்தச் சின்ன வண்டி கிடைக்குமா, டிரைவரோடு, தினசரி கூலிக்கு என்று கேட்டார்.

சங்கரபாண்டி முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். தாவூஜி ஹுக்காவை ஓரமாக வைத்தார். பிறகு அவனைக் கூப்பிட்டு, இந்தியில் மெதுவாகச் சொன்னார். எப்படியும் சுவரைக் கட்டத்தான் போகிறார்கள். வண்டியைச் சும்மா நிறுத்தினால் மறுபடி துருப்பிடிக்கும். உனக்கும் சோறு வேண்டும், எனக்கும் வேண்டும். "ஜா பேட்டா," என்றார் கடைசியில். போ மகனே என்று.

போனான். தினமும் பிரதான சாலையில் லாரி கொட்டிய செங்கல்லை ஏற்றி, அதே சந்துகளில் நுழைந்து, அவன் உழுத மண்ணின் மேலேயே சக்கரம் பதிய ஓட்டிப் போய் இறக்கினான். ராத்திரி தலையைத் துவட்டினால் துண்டு செம்மண் நிறமாகும். வேண்டாம், விட்டுவிடு, வேறு ஏதாவது பார்க்கலாம் என்று நான் சண்டை போட்டேன்.

"ஒனக்கு ஆபீஸ் இருக்குலே. காலைல எந்திரிச்சா போறதுக்கு ஒரு எடம் இருக்கு. இந்த வண்டிய விட்டா எனக்கு என்ன இருக்கு, சொல்லு," என்றான்.

நான் அவன் துண்டை எடுத்து வாளித் தண்ணீரில் அலசினேன். 

சுவர் எழும்பியதும் வரப்புகளைச் சமன் செய்யச் சொன்னார்கள். அதன் பிறகு கிணற்றை மூடச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு லீவு, நானும் போயிருந்தேன். பின்னால் கட்டியிருந்த டிரெய்லரில் மண்ணும் உடைசெங்கல்லும் கொண்டுவந்து அவன் கொட்டிக்கொண்டே இருந்தான். முதலில் தண்ணீர் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மண்மேல் மண் விழும் சத்தம். தாவூஜி வந்து சற்றுத் தள்ளி நின்றார்.  கிணறு பாதி தூர்ந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்று சாயந்திரம் கட்டிலைத் திருப்பி வீட்டுச் சுவரைப் பார்த்துப் போடச் சொன்னார். நான் அந்த அறையைக் காலி செய்யும் வரையில் அது அப்படியேதான் கிடந்தது.

வேலை முடிந்ததும் கான்ட்ராக்டர் வண்டியையே விலைக்குக் கேட்டார். தாவூஜி கொடுத்துவிட்டார். வண்டி போன இடத்துக்கு சங்கரபாண்டியும் போனான். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனான். அழைத்துக்கொண்டு போனது அந்த வண்டிதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

எனக்குக் கல்யாணமாகி மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒரு பொங்கலன்று அவன் வந்தான். எவ்வளவு சொல்லியும் சோபாவில் உட்காராமல் முக்காலியில் உட்கார்ந்தான். மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தபோது நகங்களை மறைக்க டம்ளரை வேஷ்டி நுனியால் பிடித்து வாங்கினான். உடம்பு வற்றியிருந்தது. கண் மஞ்சளாகத் தெரிந்தது. டாக்டரிடம் போனாயா என்றேன். பேச்சை மாற்றினான். இப்போதும் அதே வேலைதானாம். டில்லியைச் சுற்றி எந்தெந்தக் கிராமத்தின் நிலத்தை எடுக்கிறார்களோ, எங்கே லாரி நுழையாதோ, அங்கெல்லாம் அந்த வண்டியைத்தான் அனுப்புகிறார்கள். அதுவும் ஒரு நாள்கூட மக்கர் செய்வதில்லையாம். சொல்லும்போது ஒரு கணம் அவன் முகத்தில் பெருமை வந்தது. பிறகு போய்விட்டது.

"எந்த ஊருக்குப் போனாலும் வண்டியப் பாத்துட்டு புள்ளைங்க பின்னாடியே ஓடி வருதுலே. சின்ன வண்டில்லா. எதுக்கு வந்திருக்குன்னு அதுகளுக்குத் தெரியாது," என்றான்.

நாங்கள் இருவரும் காபியைக் குடித்து முடித்தோம். அதற்கப்புறம் அவன் வரவில்லை.

ஒன்றிரண்டு வருடம் கழித்து அவனுடைய அண்ணன் கோவில்பட்டியிலிருந்து வந்து என் வாசலில் நின்றார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். டில்லிக் குளிருக்கு ஒரு பருத்தித் துண்டு மட்டும் போர்த்தியிருந்தார். தம்பியிடமிருந்து தகவலே இல்லை என்றார். நான் லீவு போட்டு அவரோடு அலைந்தேன். கான்ட்ராக்டர் தொழிலை விட்டுவிட்டு எங்கோ போயிருந்தார். ஒரு இடத்தில் சங்கரபாண்டி ஃபரீதாபாத் போனதாகச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் காமாலை கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு மதராசியைப் பற்றிச் சொன்னார்கள், பெயர் தெரியவில்லை. ஆஸ்பத்திரிகளிலும் விசாரித்தோம். எங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணனை ரயிலேற்றப் போனபோது, பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இங்கன இருந்தப்போ நல்லா இருந்தானா தம்பி?"

ஒரு வருடம் நன்றாக இருந்தான் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அது அவருக்குப் போதுமா, போதாதா என்று தெரிவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

தாவூஜி எப்போதோ போய்விட்டார். எருமைத் தொழுவம் இருந்த இடத்தில் அவருடைய பேரன்கள் மாடிமேல் மாடியாகக் கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, சந்துகளின் வழியாக அந்த நிலத்தைத் தேடிக்கொண்டு நடந்தேன். சந்து நேராக ஒரு அகலமான சாலையில் கொண்டுவிட்டது. நான் தேடியது நிலத்தைக்கூட இல்லை. அவன் செங்கல் சுமந்து கட்டிய சுவரையாவது ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம் என்றுதான். சாலையை விரிவாக்கியபோது அதை இடித்துவிட்டார்களாம். டீக்கடைக்காரர்தான் சொன்னார். அங்கே சுவர் இருந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.