அபிஜானில் ஊற்றிய தண்ணீர்

பிரான்சுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் எங்களை மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் நகரில் ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஓர் அறைக்குள் வைத்திருந்தான். ஒரு பக்கம் சோப்புத் தொழிற்சாலை, மறுபக்கம் மீன் தொழிற்சாலை, நடுவில் வேலையாட்களின் வீடுகள். மதிலோரம் கழிவுத் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு ஓடும். கொழுப்பும் மீன்குடலும் கலந்த நாற்றம் உடுப்பில், சோற்றில், தலைமயிரில். இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது. அதைவிட அருவருப்பான ஒன்றைப் பிறகு பாரிஸ் லாச்சப்பலில் கேட்டேன்.

லாச்சப்பலில் எங்களுக்கு ஒற்றை அறை. அபிஜான் அறையில் எங்களோடிருந்த மாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு வந்திருந்தார். அவருடைய மகன்தான் என் கணவருக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை எடுத்துக் கொடுத்தவர். அதனால் மாமி முன்னால் நான் வாய் திறப்பதில்லை. இயல்பிலேயே நான் பயந்தவள்.

ஆறு வயது மகள் ஓடிவந்தாள். "அம்மா, மேலை போகட்டோ? என்ரை சிநேகிதி வீட்டிலை சாப்பிடக் கூப்பிட்டவை."

"ஆர், அந்தக் கறுவல் வீட்டையோ?" என்று மேல்மாடி ஆப்பிரிக்கக் குடும்பத்தை இளக்காரமாகச் சொன்னார் மாமி. "தண்ணி வென்னி வாயிலை வைச்சிடாதை! அபிஜானிலை பக்கத்து வீட்டு மனுசி தந்த தண்ணியாலைதானே நீ சாகக் கிடந்தனி. நான் இல்லாட்டி அங்கையே மண்ணுக்கை தாட்டிருப்பினம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நடந்தது வேறு. பக்கத்து வீட்டுப் பெண் தொழிற்சாலை வாசலில் வாழைக்காய் பொரித்து விற்பவள். எங்களைக் கண்டு இரங்கி, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மூடின சட்டியில் கொண்டுவந்தாள். மாமி அதை அவள் கண்முன்னாலேயே வாய்க்காலில் ஊற்றினார். "என்ன சாதியோ, என்ன சனமோ! அவையின்ரை சட்டியிலை குடிக்கிறதோ?" என்று முற்றத்துக் குழாயில் பிடித்துத் தந்தார். அந்தக் குழாய் கழிவு வாய்க்காலுக்குள் சாய்ந்து நின்றது. மூன்றாம் நாள் மகளுக்கு வாந்தி, வயிற்றோட்டம், கண் உள்ளே போய்விட்டது. நான் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் ஓடினேன். அப்போதும் அவள் பாத்திரம் வேண்டாமென்று எங்கள் தகரப் பேணியைத்தான் கையோடு கொண்டுபோனேன். என்னை நினைத்தாலும் அருவருப்புத்தான். அவள் அந்தப் பேணியிலேயே கொதித்தாறின தண்ணீர் விட்டு, உப்பும் சீனியும் கரைத்து, பொழுதுபடும் மட்டும் கரண்டி கரண்டியாகப் பருக்கினாள்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போ பிள்ளை. சாப்பிட்டிட்டு வா," என்றேன். பிறகு மாமியைப் பார்த்து, "அது குழாய்த் தண்ணியாலை வந்தது மாமி. நல்ல தண்ணியை ஊத்தினது நீங்கள். பிள்ளையைக் காப்பாத்தினது அந்த மனுசி," என்றேன்.

"ஓகோ, வாய் வந்திட்டுதோ உனக்கு? ஆர் எடுத்துத் தந்த வேலையாலை சாப்பிடுறியள் எண்டு மறந்து போச்சோ?" தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போய்விட்டார்.

வேலை முடிந்து வந்த கணவர் கேள்விப்பட்டுத் தலையில் கைவைத்தார். "உனக்கு விசரே? போய் மன்னிப்புக் கேள்."

நான் போகவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே பழப் பையோடு போய் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வேலை போகவில்லை. அன்று அவருக்குச் சோறு போட்டேன். முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை.