நுனியில் தொடங்காது

பாலம்மா மிஸ்ஸுக்கு வாய் நீளம் என்று கட்டுகஸ்தோட்டைத் தனிவகுப்பு டியூட்டரியில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த வாய் பிடிக்கும். பக்கத்து வகுப்பில் இரசாயனம் படிப்பித்த எனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

பாலம்மா கலஹா தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து விஞ்ஞானப் பட்டம் எடுத்தவர். அரசாங்க நியமனம் கிடைக்கவில்லை. இந்த உயிரியல் வகுப்பை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

டியூட்டரி முதலாளி ராஜலிங்கம் சேர் எழுதிய நோட்ஸில் ஒரு வரி: 'டி.என்.ஏ. இரட்டிப்பு, இழையின் ஒரு நுனியில் தொடங்கி மறு நுனியில் முடியும்.' ஏழு வருஷமாகப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்தார்கள். பிழை என்று எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன், வெட்கம்கெட்டவன்.

தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை, பாலம்மா அந்த வரியைப் பலகையில் எழுதிக் குறுக்கே கோடு போட்டார்.

"மலை முழுக்கக் கொழுந்து எடுக்க எல்லாரும் ஒரே மூலையிலயா நிக்கிறோம்? காலையில பெரட்டுல பேர் குடுத்து முடிஞ்சதும் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரிச்சுக் குடுக்கிறாருல்ல? நம்ம ஒடம்புக் கலமும் அப்படித்தான். டி.என்.ஏ. இழை சுருண்டிருக்கிற நிறமூர்த்தத்தில நூத்துக்கணக்கான இடத்தில முதல்ல சில புரதங்கள் போய் ஒக்காரும். நேரம் வந்ததும் அந்தந்த இடத்தில இழை ரெண்டாப் பிரியும். அங்கேருந்து ரெண்டு பக்கமும் வேலை நடக்கும். நுனியில தொடங்கினா மாசக்கணக்கா ஆகும். நம்ம கலம் எட்டு மணித்தியாலத்தில முடிச்சிடுது!"

தோட்டத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். சத்தம் கேட்டு ராஜலிங்கம் சேர் வந்தார். நான் வாசலில் நின்றேன்.

"அழிங்க மிஸ். நோட்ஸ்ல உள்ளதைப் படிப்பிக்க ஏலாட்டி நாளையிலேருந்து வர வேணாம்."

"பிழையைப் படிப்பிச்சிட்டு இந்தப் பிள்ளைங்க முகத்தில எப்படி முழிக்கிறது? அழிக்கணும்னா நீங்களே அழிங்க சேர்."

பாலம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைத் திரும்பியும் பார்க்காமல் படியிறங்கினார். வாசலில் ஒதுங்கி வழிவிட்டதுதான் நான் செய்தது.

ராஜலிங்கம் சேர் பலகை முழுவதையும் துடைத்தார். முன்வரிசை வாங்கில் இருந்த ஸுலைஹா எழுந்து நின்றாள்.

"சேர், நாங்க எல்லாரும் கொப்பியில எழுதிட்டோம்."

"அப்ப அதைக் கோடு போட்டு வெட்டுங்க!"

நாற்பது பிள்ளைகளும் பேனையை மூடி மேசையில் வைத்தார்கள்.