மணமகன் புகாத வீட்டுக்குச் சென்ற கடிதம்

கபீர் வேதியியலில் முதுகலை படிக்க விரும்பினார். அந்த விருப்பத்தைக் காரைக்காலில் ஒருவரும் எதிர்க்கவில்லை. ஆனால், அதற்காகக் காத்திருக்கவும் ஒருவருக்கும் பொறுமை இல்லை. தந்தையார் காதர் பாட்சா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். மகன் திருச்சிராப்பள்ளியில் பி.எஸ்ஸி. முடித்து ஊர் திரும்பியதும், கப்பலேறி வரும்படி எழுதிவிட்டார். கபீர் ஒரு தவணை கேட்டார். மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது. ஏதேனும் ஒன்று இடம் கொடுத்தால் படிப்பது. மூன்றும் கைவிரித்தால் சைகோன். தந்தையார் இசைந்தார். இது 1957ஆம் ஆண்டு.

பிற்காலத்தில் கபீரும் நானும் ஒரே பள்ளியில் ஆசிரியர்களாகப் பணியாற்றினோம். அவரும், அஞ்சல்காரர் கருப்பையனும் வெவ்வேறு சமயங்களில் என்னிடம் கூறியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மாதத்தில் கபீருக்கும் மரக்கடை பீர் மைதீனின் மகள் ஜன்னத்துக்கும் நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு உரியது. நிக்காஹ் அன்றே மணமகன் தன் பெட்டியுடன் பெண் வீட்டுக்குக் குடிபோய்விடுவார். அதன்பின் அவருடைய முகவரியும் அதுவே. நிக்காஹுக்கு முன்போ, அந்த வீட்டுப் படியை மிதிக்கலாகாது. அந்தத் தெருவழியே செல்ல நேர்ந்தாலும் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டுதான் செல்வார்கள்.

கபீர் நிக்காஹைத் தள்ளிவைக்கச் சொன்னார். படிக்கப்போகிறாரா, கடல் கடக்கப்போகிறாரா என்பது தெரியாமல் ஒரு பெண்ணின் வீட்டில் போய் உட்கார அவருக்கு மனம் இல்லை. பெரியவர்கள் அரைமனத்துடன் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு என்று மாற்றினார்கள். தெருவில் பேச்சுக் கிளம்பியது. "மாப்புளைக்குப் பொண்ண விடக் கண்ணாடிக் குழா மேலதான் ஆசையாம்ல" என்று பெண்கள் ஜன்னத்தின் காதில் விழும்படியே சொன்னார்கள்.

ஜூன் மாதத்தில் முதல் மறுப்பு வந்தது. அடுத்த வாரத்தில் இரண்டாவது. ஒவ்வொரு துறையிலும் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களே இருந்த காலம் அது. தொடக்கத்தில் கபீர் நாள்தோறும் அஞ்சல் நிலையத்துக்குச் சென்று நின்றவர்தாம். இரண்டாம் மறுப்புக்குப் பிறகு அங்கிருந்தவர்கள் அவரைக் கண்டதும் ஆறுதல் கூறத் தொடங்கினார்கள். கேட்காத ஆறுதலைப் போலச் சுமையானது வேறில்லை. ஆகவே, போவதை நிறுத்திவிட்டு அரசலாற்றுக் கரையில் நடக்கலானார். சிதம்பரத்திலிருந்து வரவேண்டிய விடை ஒன்றுதான் எஞ்சியிருந்தது.

அவ்விடை வந்தே விட்டது. ஆனால், அவரிடம் வரவில்லை.

கருப்பையன் இரண்டு மாதம் திருமலைராயன்பட்டினத்தில் தபால் கொடுத்துவிட்டு அப்போதுதான் காரைக்காலுக்குத் திரும்பியிருந்தார். நிக்காஹ் தள்ளிப்போனதை அவரிடம் சொல்வார் இல்லை. உறையின் மேல் கபீரின் தாய்வீட்டு முகவரி தெளிவாக இருந்தது. ஆயினும், மணமான மகனின் கடிதத்தைத் தாய்வீட்டில் கொடுத்து முன்பு ஒருமுறை பேச்சு வாங்கியவர் அவர். ஊர் வழக்கம் அறிந்தவன் என்ற நிறைவுடன், அக்கடிதத்தைப் பீர் மைதீன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்.

ஜன்னத்தின் தாயார் ஆஸியா பீவி உறையைக் கண்டு திகைத்தார். கணவர் மர வியாபாரமாக வெளியூர் போயிருந்தார். மணமகன் வீட்டைச் சேர்ந்த எந்தப் பொருளையும் நிக்காஹுக்கு முன் திருப்பி அனுப்பினால், சம்பந்தத்தை முறிப்பதாகவே பொருள்படும். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன நிக்காஹ். ஒரு காகிதம் திரும்பினாலும் ஊர் வேறுவிதமாகப் பேசும். ஆகவே, அதைப் பீங்கான் தட்டுகள் இருந்த கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்தார். ஹஜ்ஜுப் பெருநாளன்று மணமகன் வீட்டுக்குச் சீர்த்தட்டுப் போகும். அதில் வைத்து அனுப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

ஜன்னத் எட்டாம் வகுப்புவரை படித்தவர். உறையின் மூலையில் அச்சிட்டிருந்த பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். தாயிடம் மெதுவாகச் சொன்னார்; தாய் செவிசாய்க்கவில்லை. தட்டுகளைத் துடைக்கும்போதெல்லாம் அந்த உறை கண்ணில் பட்டது. இடம் இல்லை என்று எழுதியிருந்தால், பெருநாள் முடிந்ததும் அவர் தம் கணவராவார். பிறகு சைகோன் போய்விடுவார். இடம் உண்டு என்று எழுதியிருந்தாலோ, நிக்காஹ் இன்னும் எத்தனை முறை தள்ளிப்போகும் என்று யாருக்குத் தெரியும்? அது அலமாரியிலேயே கிடப்பதில் தமக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது என்பதை உணர்ந்தபோதுதான், தம்மால் உறங்க முடியவில்லை என்று பின்னாளில் கணவரிடம் சொன்னாராம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் தாயின் முன் வந்து நின்றார்.

"உம்மா, பெருநாளைக்கு அப்புறம் அனுப்புனா அந்த எடத்துல வேற ஆளு ஒக்காந்திருப்பாங்க."

"திருப்பி அனுப்புனா ஒனக்கு எடம் இல்லாமப் போயிரும்டி."

"நாம ஏன் திருப்பணும்? தப்பாப் போட்டவுங்க அவுங்களே எடுத்துட்டுப் போவட்டும்."

தெருவில் வந்த கருப்பையனைக் கதவுக்குப் பின்னால் நின்று அழைத்தார். செய்தியைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நிக்காஹ் முடிஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சேன்? வழக்கம் தெரிஞ்சதே வெனையாப் போச்சே தாயி. குடுங்க, இப்பவே போட்டுட்டு வர்றேன்."

ஆஸியா பீவிக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை. வெறுங்கையாகப் போனால்தானே திருப்பி அனுப்பியது ஆகும் என்று தாமே ஒரு வழி கண்டார். பித்தளைத் தட்டில் வெற்றிலையும் கற்கண்டும் பரப்பி, நடுவில் கடிதத்தை வைத்து, சரிகைத் துணியால் மூடினார். காக்கிச் சட்டையும் தோள்பையுமாகச் சீர்த்தட்டு ஏந்திச் சென்ற அஞ்சல்காரரைத் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

கபீர் உறையைப் பிரித்தார். இடம் உண்டு, சனிக்கிழமைக்குள் நேரில் வந்து சேரவேண்டும் என்று இருந்தது. சனிக்கிழமை கடந்துவிட்டிருந்தது. அவர் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு பேரளம் சென்று, மாயவரம் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தார். அலுவலகத்தில் அவரை அமரச்செய்து, பரிவுடன்தான் விடை கூறினார்கள். வரிசையில் அடுத்திருந்தவர் அன்று காலையிலேயே சேர்ந்துவிட்டார்.

ஊர் திரும்பியபோது வீடு கொதித்துக்கொண்டிருந்தது. மருமகன் கைவிட்டுப் போவானோ என்று பெண் வீட்டார் கடிதத்தை மறைத்துவிட்டதாக உறவினர் பேசினர். தாயார் கைருன்னிஸா தட்டைத் திருப்பி அனுப்பி உறவை முடித்துக்கொள்ளச் சொன்னார். கபீர் கருப்பையனைத் தேடிச் சென்றார். கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டார்.

"அந்தப் பொண்ணுதாங்க. அது வாயத் தொறக்கலன்னா பெருநாள் வரைக்கும் அலமாரியிலதான் கெடந்திருக்கும்."

கபீர் வீட்டுக்குச் சென்று, தட்டிலிருந்த கற்கண்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நிக்காஹை இனித் தள்ளவேண்டாம் என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. பெண்ணின் சம்மதத்தைக் கேட்க உள்ளே சென்ற சாட்சிகளில் ஜன்னத்தின் தாய்மாமன் அல்லா பிச்சையும் ஒருவர். வழக்கமாகப் பெண்கள் தலையசைப்பார்கள். அல்லது ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஜன்னத் தெளிவாகச் சொன்னார்: "சம்மதம் மாமா. ஆனா அவுங்க அடுத்த வருசமும் மனுப் போடணும். அதுவரைக்கும் சைகோன் போவக் கூடாது."

அல்லா பிச்சை வேறு வழியின்றி வெளியே வந்து அதை அப்படியே சபையில் ஒப்பித்தார். சிலர் சிரித்தனர். மணமகன் சிரிக்கவில்லை, "ஒப்புக்கிட்டேன்" என்றார். சைகோனுக்கு இச்செய்தி எட்டியபோது, சபையில் கொடுத்த வாக்கை மீறச் சொல்லக் காதர் பாட்சாவுக்குத் துணிவில்லை.

அந்த ஓராண்டு எளிதாகக் கழியவில்லை. வருமானமின்றி மனைவி வீட்டில் உண்பவரைப் பார்த்து, "மாப்புளைக்கு இன்னும் தபால் வரலையா?" என்று கேட்பதே தெருவுக்கு வேடிக்கையாயிற்று. மறுபடியும் விண்ணப்பித்தபோது, முகவரிக்குரிய இடத்தில் கபீர் பீர் மைதீன் வீட்டை எழுதினார்.

அடுத்த ஜூன் மாதத்தில் ஒருநாள் கருப்பையன் அந்த வாசலில் வந்து நின்றார். உறையைக் கதவிடுக்கில் செருகவில்லை.

"மாப்புளை உள்ளதான் இருக்காங்களா? ஆளக் காட்டுனாத்தான் தருவேன்."

கபீரே வெளியே வந்து வாங்கிப் பிரித்தார். சிதம்பரத்தில் இடம் கிடைத்திருந்தது. சேர்வதற்குப் போதிய நாள்களும் இருந்தன. ஆயினும், ஆஸியா பீவி அவரைப் பகலுணவுக்குக்கூட உட்காரவிடவில்லை. சோற்றைக் கட்டிக் கையில் கொடுத்து, "வண்டியில சாப்புட்டுக்கலாம், கெளம்புங்க மாப்புளை" என்று வாசல்வரை வந்து விரட்டினார்.